பெயரில் இல்லாத கூட்டாளி

வணிக வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் பெரிய கப்பல்களையும் பெரிய வங்கிகளையும் பெரிய ஆலைகளையுமே எழுதி வந்துள்ளனர். சிறு வணிகத்திற்கு ஏடு இல்லை. இருந்தாலும் அது கடன் கணக்கு எழுதிய ஏடாகவே இருக்கும். சிறு வணிகம் வீட்டின் பின்கட்டில் பிறப்பது. அங்கே முதலாளி யார், தொழிலாளி யார், கணக்கர் யார் எனப் பிரித்துக் காண இயலாது. கணவன் அடுப்படியில் நின்றால் மனைவி கடைவாயிலில் நிற்பாள். மனைவி பொட்டலம் கட்டினால் கணவன் கொள்முதலுக்குப் போவான். இரவில் இருவரும் ஒரே விளக்கின்கீழ் அமர்ந்து அன்றைய காசை எண்ணுவர். ஆயினும், வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகையில் ஒருவர் பெயரே எழுதப்பட்டிருக்கும்.

இவ்வாறு இருவர் உழைப்பால் எழுந்து ஒருவர் பெயரால் உலகெங்கும் அறியப்பட்ட தொழில்களுள் ஒன்று, ஜெர்மனி நாட்டின் 'ஹாரிபோ' மிட்டாய் நிறுவனம். வண்ண வண்ணமாய் ஒளி ஊடுருவும் சிறு கரடி உருவங்களை விற்கும் இந்நிறுவனத்தை அறியாத குழந்தைகள் இன்று மேலை நாடுகளில் அரியர். ஆனால், அது ஒரு சலவை அறையில் ஒரு கணவனும் மனைவியும் நடத்திய குடிசைத் தொழிலாகத் தொடங்கியது என்பதையும், போர் முடிந்த ஆண்டில் அதனை அழியாமல் காத்தவர் பெயரில் இடம் பெறாத அந்த மனைவியே என்பதையும் அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றையும், அது நடந்த காலத்துச் சட்டத்தையும் ஒருங்கே வைத்து நோக்குவது பயனுடையது.

சர்க்கரை எளியோர் கைக்கு வந்த வழி

மிட்டாய்த் தொழிலின் கதை சர்க்கரையின் கதையிலிருந்தே தொடங்க வேண்டும். ஜெர்மானியர் சர்க்கரையை 'சுக்கர்' என்பர். இச்சொல் இத்தாலிய மொழி வழியாகவும், அதற்கு முன் அரபு மொழியின் 'சுக்கர்' வழியாகவும் சென்று, இறுதியில் வடமொழியின் 'சர்க்கரா' என்னும் சொல்லில் முடிகிறது. தமிழர் நாவில் 'சர்க்கரை' என வழங்குவதும் அதே வேரினது. கரும்பும் அதனைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலையும் கீழை நாட்டிலிருந்து மேற்கே சென்றன என்பதற்கு இச்சொல்லே சான்றாகும்.

ஐரோப்பாவில் நெடுங்காலம் சர்க்கரை செல்வர் வீட்டுப் பண்டமாகவும் மருந்துக்கடைப் பொருளாகவும் இருந்தது. 1747ஆம் ஆண்டு பெர்லின் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் மார்கிராஃப், குளிர்நாட்டு மண்ணில் விளையும் பீட் கிழங்கிலும் கரும்பில் உள்ள அதே சர்க்கரை இருப்பதைக் கண்டறிந்தார். அவர் மாணவர் ஆக்கார்ட், சிலேசிய நாட்டுக் குனெர்ன் என்னும் ஊரில் கிழங்குச் சர்க்கரை ஆலை ஒன்றை நிறுவினார். 1802இல் அது சர்க்கரை தரத் தொடங்கியது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் ஜெர்மனி உலகின் முன்னணிக் கிழங்குச் சர்க்கரை நாடுகளுள் ஒன்றாகிவிட்டது. கடல் கடந்து வந்த அரும்பொருள் உள்ளூர் வயலில் விளையும் பொருளாயிற்று. ஒரு தொழிலாளி தன் சேமிப்பைக் கொண்டு ஒரு மூட்டைச் சர்க்கரை வாங்க இயலும் என்னும் நிலை அதன் பின்னரே பிறந்தது. அந்நிலை பிறந்திராவிடில் ரீகெல் குடும்பத்தின் கதையும் பிறந்திராது.

ஒரு தொழிலாளியின் முதலீடு

ஹான்ஸ் ரீகெல் 1893ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ரைன் ஆற்றங்கரையிலுள்ள பான் நகரையடுத்த ஃபிரீஸ்டோர்ஃப் என்னும் ஊரில் பிறந்தார். அந்நகரின் பெயரை ஜெர்மானியர் 'போன்' என ஒலிப்பர். ரீகெல் மிட்டாய் காய்ச்சும் தொழிலைப் பயின்று, 'கிளாய்ட்கென் - மையர்' என்னும் நிறுவனத்தில் ஐந்தாண்டுகள் பணி செய்தார். பாகு காய்ச்சுவதே அவருக்குரிய தொழில். முதல் உலகப் போருக்குப் பின்னர், பான் நகரின் கெசெனிக் பகுதியிலிருந்த சிறு நிறுவனம் ஒன்றில் பங்குதாரராகச் சேர்ந்தார். அதுவும் அவர் எண்ணத்தை நிறைவு செய்யவில்லை. 1920ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் தமக்கெனத் தனி நிறுவனம் ஒன்றைப் பான் நகர வணிகப் பதிவேட்டில் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 27.

நிறுவனத்தின் பெயரை அவர் தம் பெயரையும் ஊரையும் சுருக்கி அமைத்தார். ஹான்ஸ் என்பதிலிருந்து 'ஹா', ரீகெல் என்பதிலிருந்து 'ரி', போன் என்பதிலிருந்து 'போ'. மூன்றும் கூடி 'ஹாரிபோ' ஆயிற்று. இப்பெயரில் ஓர் ஆளும் ஓர் ஊரும் உள்ளனர். இன்னும் ஓர் ஆண்டில் வந்து சேரவிருந்த மற்றொருவருக்கு இப்பெயரில் இடமில்லை.

தொழில் நடந்த இடம் கெசெனிக்கிலுள்ள ஒரு வீட்டின் பின்புறத்துச் சலவை அறை. தொடக்க முதலாக இருந்தவை ஒரு மூட்டைச் சர்க்கரை, ஒரு பளிங்குப் பலகை, ஒரு முக்காலி, செங்கல்லால் கட்டிய ஓர் அடுப்பு, ஒரு செப்புக் கொப்பரை, ஓர் உருளை. இப்பட்டியலை நிறுவனத்தார் தம் வரலாற்றில் பெருமையுடன் குறித்து வைத்துள்ளனர். இதனை வெறும் ஏழ்மைப் பட்டியலாகக் கொள்ளுதல் கூடாது. தொழில் நுணுக்கம் அறிந்த ஒருவர், தேவையானவற்றை மட்டும் தேர்ந்து வாங்கிய பட்டியல் இது.

அவ்வாறு கூறுவதற்குக் காரணம் உண்டு. செம்பு வெப்பத்தை விரைந்தும் ஒரு சீராகவும் பரப்பும்; ஆதலால் பாகு ஓரிடத்தில் தீய்ந்து ஓரிடத்தில் இளகி நில்லாது. கெட்டி மிட்டாய்க்குரிய பாகு கம்பிப் பதத்தையும் உருட்டுப் பதத்தையும் கடந்து, ஏறத்தாழ 150 பாகை செல்சியசு வெப்பத்தை எட்ட வேண்டும். அப்பதத்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் கல்லென இறுகிப் பட்டென முறியும். அதற்குக் குறைந்தால் மிட்டாய் பல்லில் ஒட்டும், மிகுந்தால் கருகும். பதம் வந்த நொடியில் எண்ணெய் தடவிய பளிங்கின்மேல் பாகைக் கொட்டுவர். பளிங்கு வெப்பத்தை ஈர்த்துக் கொள்ளும். கை பொறுக்கும் சூடு வந்தவுடன் புளிப்பும் மணமும் வண்ணமும் சேர்த்து மடித்துப் பிசைந்து, உருவம் செதுக்கிய உருளைகளுக்கு இடையே செலுத்துவர். இவை யாவும் பாகு இறுகுமுன் நிகழ வேண்டும். ஒருவர் பாகைக் கவனிக்கும்போது மற்றொருவர் பளிங்கைக் கவனிக்க வேண்டும். செய்த மிட்டாய் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசிவதற்குள் அதனைப் பொட்டலமிட்டு விற்பனைக்கு அனுப்ப வேண்டும். ஒற்றை ஆள் இத்தொழிலை நெடுநாள் நடத்துவது அரிது.

முதற் பணியாளர்

1921ஆம் ஆண்டு ஹான்ஸ் ரீகெல், கெர்ட்ரூட் வியாண்டன் என்னும் பெண்ணை மணந்தார். நிறுவனத்தின் முதற் பணியாளர் என அதன் வரலாறு குறிப்பது இவரையே. கணவர் சலவை அறையில் மிட்டாய் காய்ச்சினார். அன்றாடம் செய்த சரக்கை மனைவி தம் மிதிவண்டியில் ஏற்றிச் சென்று வாடிக்கையாளர்க்கு வழங்கினார். 1923இல் ஒரு மோட்டார் வண்டி வாங்கும் வரை நிறுவனத்தின் போக்குவரத்துத் துறை முழுவதும் அந்த மிதிவண்டி ஒன்றேயாகும்.

மிதிவண்டியில் சரக்கு ஏற்றிச் செல்வதைச் சிறு வேலையெனக் கருதலாகாது. செய்பவர் உலகம் கொப்பரையோடு முடிந்துவிடும். வாங்குவோர் உலகத்தை அறிந்து வருபவர் கொண்டு செல்பவரே. எந்தக் கடையில் சரக்கு தேங்கியது, எந்தக் கடைக்காரர் பணம் தரத் தவணை கேட்டார், எந்தச் சுவையைக் குழந்தைகள் விரும்பிக் கேட்டனர் என்னும் செய்திகள் வெறுங்கூடையோடு திரும்பும் வண்டியிலேதான் வீடு வந்து சேரும். பெரிய நிறுவனங்கள் விற்பனைத் துறை, வசூல் துறை, சந்தை ஆய்வுத் துறை என மூன்றாகப் பிரித்துச் செய்யும் பணிகளை, சிறு வணிகத்தில் கடை கடையாகச் செல்லும் ஒருவரே செய்து முடிப்பது இயல்பு.

'பணியாளர்' என்னும் சொல் ஈண்டு ஊன்றிக் கவனிக்கத் தக்கது. வீட்டுக்கு வந்த மனைவியைப் பணியாளர் என்பது அவர் உழைப்பை ஒப்புக் கொள்வதாகவும் அமைகிறது. அவரைக் கூட்டாளி என்று கூறாமல் விடுவதாகவும் அமைகிறது. அச்சொல்லின் இருபொருளை விளங்கிக் கொள்ள, அன்றைய ஜெர்மானியச் சட்டம் மனைவியின் உழைப்பை எவ்வாறு கருதியது என்பதை அறிதல் வேண்டும்.

சட்டம் கண்ட மனைவி

ஜெர்மனியின் குடிமையியல் சட்டத் தொகுப்பு 1900ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மண வாழ்க்கை குறித்த பொதுச் செய்திகள் அனைத்திலும் முடிவெடுக்கும் உரிமை கணவனுக்கே என அதன் 1354ஆம் பிரிவு கூறிற்று. அடுத்து வரும் 1356ஆம் பிரிவு, குடும்பத்தை நடத்தும் உரிமையும் கடமையும் மனைவிக்கு உரியவை என்றது. அத்துடன் நில்லாமல், கணவனின் வணிகத்தில் மனைவி பணிபுரிவது அத்தகைய குடும்பங்களில் வழக்கமாயின், அவ்வாறு பணிபுரிவது அவள் கடமை என்றும் விதித்தது. சிறு கடைகளிலும் பட்டறைகளிலும் மனைவி உழைப்பது எங்கும் வழக்கமே. ஆகவே, அவ்வுழைப்பு அவள் கடன் ஆயிற்று.

இதன் விளைவு நுட்பமானது. மனைவி கொண்டு வந்த செல்வத்தை ஆளும் உரிமையை அச்சட்டம் கணவனுக்குத் தந்தது. எனினும், அவள் தன் சொந்த உழைப்பாலோ தான் தனித்து நடத்தும் தொழிலாலோ ஈட்டியதை அவளுக்கே உரியதென ஒதுக்கியும் வைத்தது. அதாவது, ஒரு பெண் அயலார் ஆலையில் கூலிக்கு உழைத்தால் அக்கூலி அவளுடையது. தானே ஒரு கடை வைத்தால் அதன் வருவாயும் அவளுடையது. ஆனால், கணவன் கடையில் காலை முதல் இரவு வரை உழைத்தால் அது கடமை. கடமைக்குக் கூலி இல்லை. அதனால் விளைந்த செல்வம் கணவனின் வணிகத்தைச் சேர்ந்தது. அயலாருக்கு உழைப்பதைவிடத் தன் குடும்பத் தொழிலுக்கு உழைப்பதே பெண்ணைச் சட்டத்தின் கண்ணில் வெறுங்கையளாக்கிற்று.

1919இல் இயற்றப்பட்ட வைமார் அரசியல் சட்டம், திருமணம் ஆண் பெண் இருபாலரின் சம உரிமையை அடிப்படையாகக் கொண்டது என அறிவித்தது. பெண்களுக்கு வாக்குரிமையும் அப்போதைக்குள் கிடைத்திருந்தது. ஆயினும் குடிமையியல் சட்டத்தின் பிரிவுகள் மாற்றப்படவில்லை. 1921இல் கெர்ட்ரூட் மணமகளாக வந்தபோது, தேர்தலில் கணவனுக்கு நிகராக வாக்களிக்கும் உரிமை பெற்றவராகவும், கணவன் வணிகத்தில் கடமைக்கு உழைப்பவராகவும் ஒரே வேளையில் இருந்தார்.

கரடி பிறந்த காலம்

1922ஆம் ஆண்டு ஹான்ஸ் ரீகெல் புதிய மிட்டாய் ஒன்றைச் செய்தார். ஐரோப்பியத் திருவிழாக்களில் கரடியைச் சங்கிலியில் கட்டி ஆட்டுவித்துக் காசு பெறுவோர் அக்காலத்தில் பலர். அந்த ஆடும் கரடியின் உருவில் மென்மையான பழச்சுவை மிட்டாயை அவர் வார்த்தார். 'ஆட்டக் கரடி' என்னும் பொருளில் 'டான்ஸ்பேர்' எனப் பெயரிட்டார். இவ்வகை மிட்டாய்க்கு முதலில் வேல மர இனத்தின் பிசின் பயன்பட்டது. 'கம்மி' என இன்று உலகம் வழங்கும் பெயர் பிசினைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததேயாகும்.

இத்தகைய மிட்டாய் வார்க்கும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. தட்டுகளில் உலர்ந்த மாவை நிரப்பிச் சமன் செய்து, உருவ அச்சுகளை அதில் அழுத்தி எடுப்பர். மாவில் பதிந்த குழிகளில் இளஞ்சூடான பிசின் பாகை ஊற்றுவர். மாவு அச்சாகவும் நிற்கும்; பாகின் ஈரத்தையும் உறிஞ்சும். வெப்பமான அறையில் உலர்ந்த பின் மாவைச் சலித்து நீக்கி மெருகேற்றுவர். விலையுயர்ந்த எந்திரம் இல்லாமலே, தட்டும் அச்சும் மாவும் கொண்டு ஒரு சிறு குடும்பம் செய்யக் கூடிய தொழில் இது.

கரடி பிறந்த மறு ஆண்டே ஜெர்மனி வரலாறு காணாத பணவீக்கத்தில் வீழ்ந்தது. 1923 சனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் தொழில் நிலத்தில் புகுந்தன. அரசு தாள் பணத்தை வரம்பின்றி அச்சிட்டது. உலகப் போருக்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 மார்க்காக இருந்த மதிப்பு, 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்காக வீழ்ந்தது. அம்மாதம் 'ரென்டன் மார்க்' என்னும் புதிய நாணயம் வந்த பின்னரே நிலைமை அடங்கிற்று.

இத்தகைய காலத்தில் சிறு வணிகர் படும் பாடு தனி வகையானது. காலையில் விற்ற மிட்டாயின் பணம் மாலையில் அதே அளவு சர்க்கரையை வாங்காது. கடன் கொடுத்தவன் இழப்பான். சரக்கு வைத்திருப்பவன் பிழைப்பான். பணத்தைக் கையில் வைக்காமல் உடனே பண்டமாக மாற்றும் விரைவு வேண்டும். வசூலிப்பவரும் கொள்முதல் செய்பவரும் ஒரே வீட்டினராக இருந்தால் அவ்விரைவு இயலும். மேலும், நாள்தோறும் ஏறும் கூலியைப் பலருக்கு அளக்க வேண்டிய சுமை குடும்பத் தொழிலுக்கு இல்லை. ஆயினும் அந்த நன்மையின் விலை யாருடைய கூலியற்ற உழைப்பு என்னும் வினா உடன் எழாமல் இராது. அவ்வாண்டிலேதான் ரீகெல் தம்பதியர்க்கு முதல் மகன் ஹான்ஸ் பிறந்தார். பின்னர் மகள் அனிதாவும் இளைய மகன் பவுலும் பிறந்தனர்.

சலவை அறையிலிருந்து ஆலைக்கு

1925ஆம் ஆண்டு அதிமதுர மிட்டாய் செய்யத் தொடங்கினர். தமிழ் மருத்துவம் நன்கறிந்த அதிமதுர வேர், ஐரோப்பாவில் தின்பண்டமாகவும் வழங்குகிறது. 'மிக இனியது' என்பது தமிழர் வழங்கும் பெயரின் பொருள். 'இனிய வேர்' என்பது கிரேக்கர் இட்ட பெயரின் பொருள். ஜெர்மானியர் வழங்கும் 'லக்ரிட்சு' அக்கிரேக்கச் சொல்லின் திரிபே. கருநிறக் கோல்களாகவும் சுருள்களாகவும் அம்மிட்டாய் விற்பனையாயிற்று.

1930இல் நிறுவனத்தில் பணிபுரிவோர் தொகை 160 ஆக உயர்ந்தது. பயண முகவர்கள் நாடெங்கும் சரக்கைக் கொண்டு சென்றனர். புதிய ஆலைக் கட்டடம் எழுந்தது. குழந்தைகளை மகிழ்விப்பது ஹாரிபோ என்னும் பொருளமைந்த எதுகை விளம்பரத் தொடர் 1930களின் நடுவில் வந்தது. 1935இல் டென்மார்க்கில் கிளை நிறுவனம் தோன்றிற்று. இரண்டாம் உலகப் போருக்கு முன் பணியாளர் ஏறத்தாழ 400 பேர். தொடக்கத்தில் ஒரே ஒரு பணியாளரும் அவர் மிதிவண்டியும் இருந்த இடத்தில் இவ்வளவு வளர்ச்சி. இந்நிலையில் நிறுவனத்தின் கதை ஆலையின் கதையாகிவிட, அடுப்படிக்கும் வீட்டுக்கும் இருந்த தொடர்பு பார்வையிலிருந்து மறைந்தது.

போரும் இழப்பும்

1933இல் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். 1939இல் போர் மூண்டது. சர்க்கரை பங்கீட்டுப் பொருளாயிற்று. ஆட்கள் படைக்குச் சென்றனர். மிட்டாய்த் தொழிலின் போர்க்காலக் கதை மூலப்பொருள் தட்டுப்பாட்டின் கதையாகவே கூறப்படுவது வழக்கம். அந்நகரில் அதனினும் கொடியன நிகழ்ந்தன என்பதை வரலாறு மறக்கலாகாது. பான் பல்கலைக்கழகத்தின் புகழ்மிக்க கணித அறிஞர் ஃபெலிக்ஸ் ஹௌஸ்டோர்ஃப், யூதராய்ப் பிறந்த ஒரே காரணத்தால் தடுப்பு முகாமுக்குச் செல்ல ஆணையிடப்பட்டு, 1942 சனவரியில் தம் மனைவியோடும் மனைவியின் தங்கையோடும் நஞ்சுண்டு மாண்டார். அவ்வாண்டே பான் நகரின் எஞ்சிய யூதக் குடும்பங்கள் கிழக்கே கொண்டு செல்லப்பட்டு அழிக்கப்பட்டன. குடும்பங்களைப் பற்றிய எந்த வரலாறும் அந்நகரில் இச்செய்தியைத் தாண்டிச் செல்ல இயலாது.

1944 அக்டோபர் 18ஆம் நாள் நிகழ்ந்த வான் தாக்குதலில் பான் நகரின் பழைய பகுதியும் பல்கலைக்கழகமும் எரிந்தன. 1945 மார்ச்சுத் திங்களில் பின்வாங்கிய ஜெர்மன் படையினர் ரைன் ஆற்றுப் பாலத்தைத் தகர்த்தனர். அமெரிக்கப் படை நகருள் புகுந்தது. அத்திங்களின் இறுதியில் ஹான்ஸ் ரீகெல் காலமானார். 52 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்தன. மைந்தர் இருவரும் போர்க்களம் சென்று அமெரிக்கரிடம் கைதிகளாக இருந்தனர். ஆலையில் எஞ்சியிருந்த பணியாளர் ஏறத்தாழ 30 பேர்.

பெயருக்குரியவர் மறைந்தார், பெயரைத் தொடர வேண்டியவர்கள் சிறையில் இருந்தனர். அப்போது தொழிலின் பொறுப்பை ஏற்றவர் கெர்ட்ரூட். நாட்டில் அரசில்லை, அயல்நாட்டுப் படைகளின் ஆணையே சட்டம். தாள் பணத்துக்கு மதிப்பில்லை. சர்க்கரை பங்கீட்டில் இருந்தது. அத்தகைய ஆண்டில் ஓர் ஆலை அழியாமல் நிற்பதென்றால், அடுப்பும் கருவியும் சிதறாமல் காக்கப்பட வேண்டும். தொழில் தெரிந்த சிலரேனும் பிரிந்து செல்லாமல் இருக்க வேண்டும். 25 ஆண்டுகளுக்கு முன் சலவை அறையில் தொடங்கிய தொழிலை அடி முதல் அறிந்தவர் உயிரோடிருந்தவருள் அவர் ஒருவரே. 1921இல் முதற் பணியாளராக வந்தவர், 1945இல் தலைவரானார். கணவர் மறைந்த பின்னரே அவர் உழைப்புக்குரிய இடம் வெளிப்படையாகத் தெரிந்தது.

தொழிலும் சட்டமும் ஒரே நகரில்

1946இல் மைந்தர் இருவரும் விடுதலை பெற்று வந்தனர். தாய் காத்து வைத்த தொழிலை அவர்கள் பகிர்ந்து கொண்டனர். மூத்தவர் ஹான்ஸ் விற்பனையையும் வணிகத்தையும், இளையவர் பவுல் உற்பத்தியையும் எந்திரங்களையும் மேற்கொண்டனர். 1948 சூனில் புதிய நாணயம் வந்தது. 1950இல் சர்க்கரைப் பங்கீடு நீங்கிற்று. அவ்வாண்டில் பணியாளர் தொகை ஏறத்தாழ 1000 ஆயிற்று. ஐந்தாண்டுகளில் 30 பேர் 1000 பேரான வளர்ச்சியை மைந்தரின் திறமையாகப் போற்றுவர், அது உண்மையே. ஆயினும், வளர்ப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருந்தது என்பதே அதற்கு முந்திய உண்மை. தந்தையும் தாயுமாக நடத்திய தொழிலின் தலைமை, மகளை விடுத்து மைந்தர் இருவரிடமே சென்றது என்பதும் அக்கால வழக்கத்தைக் காட்டுகிறது.

இதே காலத்தில் அதே பான் நகரில் மற்றொரு பணியும் நடந்து கொண்டிருந்தது. மேற்கு ஜெர்மனிக்கு அரசியல் சட்டம் வகுக்கும் மன்றம் 1948இல் அங்கே கூடிற்று. அதன் உறுப்பினருள் பெண்கள் நால்வரே. அவர்களுள் ஒருவரான வழக்கறிஞர் எலிசபெத் செல்பெர்ட், 'ஆணும் பெண்ணும் சம உரிமை உடையவர்' என்னும் தொடர் சட்டத்தில் இடம்பெற வேண்டுமென வாதாடினார். முதலில் மன்றம் அதனை ஏற்கவில்லை. குடிமையியல் சட்டத்தின் குடும்பப் பிரிவுகள் பலவும் செல்லாதவை ஆகிவிடும் என்னும் அச்சமே எதிர்ப்பின் அடிப்படை. அவர் வேண்டியதும் அதுவே. பெண்கள் அமைப்புகளிலிருந்தும் பல திசைகளிலிருந்தும் ஆதரவு மடல்கள் குவிந்தன. இறுதியில் அத்தொடர் 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்தில் இடம் பெற்றது.

அதன் பயனாக 1957இல் சம உரிமைச் சட்டம் நிறைவேறி, 1958 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கணவன் முடிவே முடிவு என்ற 1354ஆம் பிரிவு நீக்கப்பட்டது. மணவாழ்க்கைக் காலத்தில் பெருகிய செல்வம், மணவாழ்க்கை முடியும்போது இருவருக்கும் சமமாக ஈடு செய்யப்பட வேண்டும் என்னும் புதிய நெறி வந்தது. வளர்ச்சியில் இருவருக்கும் பங்குண்டு என்பதைச் சட்டம் அப்போதுதான் ஒப்புக் கொண்டது. வணிகத்தில் துணைநிற்கும் கடமை இருபாலருக்கும் பொதுவாக்கப்பட்டது. 1977 சூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அக்கடமையையே நீக்கியது.

அதே 1957ஆம் ஆண்டில் ஹாரிபோ நிறுவனம் 'கிளாய்ட்கென் - மையர்' நிறுவனத்தை விலைக்கு வாங்கிற்று. ஹான்ஸ் ரீகெல் கூலிக்குப் பாகு காய்ச்சிய அதே நிறுவனம் அது. 1960இல் 'பொற்கரடி' மிட்டாய் வந்தது. 1967இல் அப்பெயர் வணிகக் குறியாகப் பதிவாயிற்று. இளைய தலைமுறையின் பவுல் 2009இலும் ஹான்ஸ் 2013இலும் மறைந்தனர். தலைமையிடம் 2018இல் பான் நகரை விட்டு அண்டைப் பகுதியான கிராஃப்ஷாஃப்டுக்கு மாறிற்று. ஊர் மாறிய பின்னும் பெயரின் இறுதி எழுத்தில் அவ்வூர் இன்றும் நிற்கிறது.

வரலாறு தரும் பாடம்

இவ்வரலாற்றிலிருந்து கணவனும் மனைவியும் கூடி நடத்தும் தொழிலின் வலிமையும் ஊறும் ஒருங்கே விளங்குகின்றன. சிறு முதலில் தொடங்கலாம். இடர்க்காலத்தில் கூலிச் சுமையின்றித் தாக்குப் பிடிக்கலாம். செய்பவருக்கும் விற்பவருக்கும் இடையே செய்தி தாமதமின்றிச் செல்லும். ஒருவர் மறைந்தாலும் தொழிலறிவு மறையாது. 1945இல் ஹாரிபோ பிழைத்தது இக்கடைசிக் காரணத்தால். ஆனால், அதே கூட்டில் ஒருவர் உழைப்புக் கணக்கில் ஏறாமல் போகும். வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே பெட்டியில் கிடக்கும்போது, அப்பெட்டி யாருக்குரியது என்று நல்ல காலத்தில் எவரும் கேட்பதில்லை. இறப்போ பிரிவோ வந்த நாளில் சட்டம் கேட்கும்; அப்போது பதிவேட்டில் உள்ள பெயரே பேசும்.

திருவள்ளுவர் 'வாழ்க்கைத் துணைநலம்' எனத் தனி அதிகாரமே வகுத்தார். துணை என்னும் சொல்லை உதவியாள் எனக் கொள்வதா, இணையாள் எனக் கொள்வதா என்பதிலேதான் சமுதாயங்களின் நடைமுறை வேறுபடுகிறது. ஜெர்மானியச் சட்டம் முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு வர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

வரலாறு பயிலும் மாணவர், தம் ஊர்க் கடைத்தெருவின் வரலாற்றை எழுத முற்படும்போது, பெயர்ப்பலகையைப் படிப்பதோடு நிறுத்திக் கொள்ளலாகாது. மாவு அரைத்தவர் யார், பாகு பதம் பார்த்தவர் யார், பொட்டலம் கட்டியவர் யார், கடன் வசூலிக்க நடந்தவர் யார், கணவர் நோயுற்ற ஆண்டில் கடையைத் திறந்து வைத்தவர் யார் என்னும் வினாக்களை முதியோரிடம் கேட்டறிந்து குறித்தல் வேண்டும். அவ்விடைகள் ஏட்டில் இரா. அவற்றை அறிந்தோர் நினைவில் மட்டுமே இருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவது வரலாற்று மாணவரின் கடமையாகும்.